மஞ்சரியின் முதல் வசவு

“பேச்சும் போயிட்டா எப்படிடீ சண்டை போடுவே?” என்று கணவன் தேவநாதன் ஒருமுறை கேட்டிருந்தான். “நீதான் பெரிய விஞ்ஞானியாச்சே, ஒரு மிஷின் செஞ்சு குடு. முதல்ல உன்னைத்தான் திட்டுவேன்” என்றாள் மஞ்சரி. அப்போது நோய் அவள் விரல்களை மட்டுமே முடக்கியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, பேச்சும் போய், குழாய் வழியே மூச்சு விட்டபடி அசையாமல் கிடந்தவள் முன்னால் அவன் எழுத்துகள் வரிசையாகத் தெரியும் திரையை நிறுத்தினான். கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைக் கேமரா பிடித்துக்கொள்ளும். கருவி பேசுவதற்கான குரலை, தயிர் வாங்கி வரச்சொல்லி அவள் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களிலிருந்து எடுத்திருந்தான். “ம், திட்டு” என்றான். ஒவ்வோர் எழுத்தாக அவள் கண் நகர்ந்தது. பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. திரையை அணைக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டான். தயிர் கேட்ட அதே குரலில் கருவி பேசியது: “ஒரு வருஷமா கேக்கணும்னு இருக்கேன்டா. இந்தக் குழாயை எடுத்துடு.”