அக்கா கடைசியாகப் போட்ட மார்க்

காலை வெயில் சமையலறை மேசையில் சாய்ந்து கிடக்கிறது. குளிர்பானக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ருசி பார்த்த அக்கா, சிகிச்சையில் மரத்துப்போன நாக்கில் ருசி திரும்பிவிட்டதா என்று சோதிக்கிறாள். திரும்பியிருந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். சர்க்கரையில்லாத எனர்ஜி டிரிங்குகளைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றி வைத்திருக்கிறேன். கண்ணை மூடி ஒன்றை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டுகிறாள். “கசப்பு கடைசில வருதுடி. பத்துக்கு நாலு போடு.” “எனக்கு எல்லாமே இருமல் மருந்துதான்க்கா.” “உன் நாக்கு செருப்புத் தோலு, விடு.” சிரித்தபடி கண் திறக்காமலே அடுத்ததை எடுக்கிறாள். அது வாய் கொப்பளிக்க வைத்த வெறும் தண்ணீர். நான் தடுப்பதற்குள் விழுங்கிவிடுகிறாள். “இதுல கேஸ் போயிடுச்சு. ஆனா இனிப்பு கச்சிதம். ஏழு போடு.” கண் திறக்கும்போது அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. நான் ஏழு என்று எழுதுகிறேன்.