ஒக்டோபர் மாதச் செபமாலை

ஒக்டோபர் மாதம் எங்கள் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில், காலையில் மாதா சிலை வைத்த குகை போன்ற கெபிக்கு முன்னால் செபமாலை சொல்வார்கள். ஒரு பிள்ளை முன்னுக்கு நின்று தொடங்க, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லவேண்டும். போன வருடம் என் முறை வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

இந்த வருடம் திரும்பவும் போக ஆசை வந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் பழைய வகுப்புத் தோழி ஜனினை வாவிக்கரை வீதியில் மறித்தேன்.

"சிஸ்டர் டல்சி என்னைத் திரும்பச் சேர்ப்பாவா?" என்று எங்கள் அதிபரைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன புள்ள, பகிடியா? நேத்து நீதானே செபமாலை சொன்னாய். சிஸ்டரே கண்ணைத் துடைச்சவ."

"நான் வீட்டதான் இருந்தன்."

"உனக்கு விசர். இண்டைக்கும் உன்னையே சொல்லச் சொன்னவ, கெதியா வா" என்று சைக்கிளை மிதித்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேற்றைப் பூட்டியிருந்தார்கள். கம்பிக்குள்ளால் பார்த்தேன். கெபிக்கு முன்னால் நின்றவளின் முதுகு மட்டும் தெரிந்தது. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். என் குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது.

தன் பாதி முடியுமுன்னே அவள் நிறுத்திவிட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மீதியை நான் கேற்றடியில் நின்று சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் என் பக்கம் திரும்பி மறுபாதியைச் சொன்னார்கள். முன்னுக்கு நின்றவள் மட்டும் திரும்பவே இல்லை.