முடிவுகள்: பூஜ்யம்

"எட்டாயிரத்துச் சொச்சம் கட்டுரை வந்து நிக்குது அண்ணி. இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான்."

மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கோடியில் இருந்த கணினி முன்னால் கொழுந்தன் விழி பிதுங்க உட்கார்ந்திருந்தான். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நூலகத்துக்கு அவள்தான் நூலகர். மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் எப்படித் தேடுவது என்று டாக்டர்களுக்கே பாடம் எடுப்பவள்.

"எதைப் போட்டுத் தேடினீங்க தம்பி?"

"கால் மரத்துப்போறதை."

"ஒண்ணு மட்டும் போட்டா ஊர்ப்பட்டது வரும். உங்க அண்ணனுக்கு இருக்கிறதை எல்லாம் போடுங்க. நடுவுல 'ஆண்ட்' சேருங்க. எல்லாமே ஒண்ணா இருக்கிற கட்டுரை மட்டும் நிக்கும்."

மதிய நேரம். வாசிப்பறையில் வேறு யாரும் இல்லை. யாரும் தொடாமலே மூலையில் பிரிண்டர் ஒருமுறை முனகி அடங்கியது.

அவன் வயிற்று வலியைச் சேர்த்தான். முடி கொட்டுவதைச் சேர்த்தான்.

"காலையில அண்ணன் தலகாணியைப் பார்த்தீங்கல்ல? உறையே தெரியல, முடிதான் தெரியுது. 'சலூன் காசு மிச்சம்டா'ங்கிறாரு. உதடு மட்டும்தான் சிரிக்குது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாயிரம் இருநூறாகக் குறைந்திருந்தது.

"பெரிய டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னு ஒரே பாட்டைப் பாடறாரு. இதே மாதிரி வேற ஒருத்தருக்கு வந்திருக்குன்னு ஒரே ஒரு கட்டுரையைக் காட்டினா போதும், வேற டெஸ்ட் எடுப்பாரு. இப்படியே விட்டா அண்ணன் நமக்கு மிஞ்ச மாட்டாரு."

"வாயைக் கழுவுங்க. மேற்கோள் குறி போட்டு, உங்க அண்ணன் சொல்ற மாதிரியே முழு வாக்கியமா அடிங்க."

பதினொன்று.

"வயசையும் போடுங்க."

மூன்று. யாரோ இருட்டில் படியிறங்கிப் போவதுபோல எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

"போன வருஷம், இந்த வருஷம் மட்டும்னு டிக் பண்ணுங்க. பழசைக் கொண்டுபோனா டாக்டர் மதிக்க மாட்டாரு."

முடிவுகள்: 0.

அவன் திரையைத் துடைத்துப் பார்த்தான். தூசி மறைத்திருக்குமோ என்பதுபோல.

"உலகத்துல ஒருத்தருக்கும் வராத நோயா அண்ணி இது?"

"இருந்தா வந்திருக்கும் தம்பி." அவன் தோளில் கை வைத்தாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. "டாக்டர் சொல்றதுதான் சரி. நாமதான் கிடந்து குழம்பறோம்."

"நீங்களே தேடிக் கிடைக்கலைன்னா அப்புறம் யார்கிட்ட போய் நிக்கிறது?" அவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் வர நேரமாகும். பால் கலந்து வெச்சிருக்கேன், சூடு பண்ணி உங்க அண்ணனுக்குக் குடுத்துடுங்க."

"நீங்க மட்டும் இல்லைன்னா அவர் கதி என்ன ஆகியிருக்கும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினான்.

கதவு மூடிக்கொண்டது. அவன் அடித்திருந்த அத்தனையையும் அவள் அழித்தாள். மேற்கோள் இல்லை, 'ஆண்ட்' இல்லை. ஒரே ஒரு சொல்லைத் தட்டினாள். ஒரு நஞ்சின் பெயர்.

கட்டுரைகள் மளமளவென்று வந்து விழுந்தன. ஏற்கெனவே பாதி படித்து வைத்திருந்த ஒன்றைத் திறந்து, இனி நோயாளிக்கு என்ன ஆகும் என்ற பகுதியை நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள்.