மலை ஊற்றுத் தண்ணீர்

தென் கொரியாவின் தேகு நகரில், ஜூன் வெயிலிலும் ஸ்வெட்டரோடு நடுங்கிய மருமகள் யூரிமைப் பார்த்து மாமியார் சிரித்தாள்.

"தைராய்டு கம்மியாம்! சோம்பேறித்தனத்துக்கு டாக்டர் வெச்ச பேரு. எனக்கு அறுபத்தெட்டு வயசு. காலையில வெறும் வயித்துல ஒரு குவளை மலை ஊத்துத் தண்ணி, அப்புறம் அரை மணி நேரம் எதையும் தொடமாட்டேன். எப்படி ஓடறேன் பாரு! மாத்திரை எதுக்கு?"

மறுநாள் விடியற்காலையில் மூவரும் மலையேறினார்கள். மாமனார் காலி கேன்களோடு முன்னால் போனார்.

ஊற்றடியில் குவளை எடுக்க மாமியாரின் பையைத் திறந்தாள் யூரிம். உள்ளே, தான் தினமும் விழுங்கும் அதே தைராய்டு மாத்திரை. மருந்துக்கடை உறையில் மாமியார் பெயர்.

"அத்தை, இது...?"

"கத்தாதேடி! எல்லாம் இந்தத் தண்ணியோட மகிமைன்னு நம்பி, உன் மாமனார் இருபது வருஷமா தினம் ரெண்டு கேன் சுமக்கிறார்!"