மரத்தடியைப் பார்த்து ஒரு கூப்பாடு

கோர்ட் வாசலின் புதிய சாய்வுப் பாதையில் காலை வெயில் பளபளக்கிறது. சிமெண்ட் இறுக ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. தையல்காரி ஒருத்தி தன் சக்கர நாற்காலியைத் தானே உந்திக்கொண்டு ஏறுகிறாள். படியேற முடியாதவர்களும் கோர்ட்டுக்குள் வர வழி வேண்டும் என்று அவள் போட்ட வழக்கில், இந்தக் கோர்ட் தன் வாசலுக்கே போட்ட உத்தரவால் வந்த பாதை இது. நேற்றுவரை வாய்தாவுக்கு வாய்தா அவள் மரத்தடியில் காத்திருப்பாள். நீதிபதி அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்து விசாரிப்பார். இன்று அவளுடைய சக்கரங்கள் வழவழத்த தரையில் இரண்டு ஈரக்கோடு இழுத்துக்கொண்டு நீதிபதியின் மேசைவரை வந்து நிற்கின்றன. கைகள் வலிக்கின்றன, முகமெல்லாம் சிரிப்பு. அவள் உள்ளே வந்ததைக் கவனிக்காத டவாலி, பழக்க தோஷத்தில் விறுவிறுவென்று படியிறங்கிப் போய், காலியான மரத்தடியைப் பார்த்து அவள் பெயரைத் தொண்டை கிழியக் கூப்பிடுகிறார். கூடமே கொல்லென்று சிரிக்கிறது. அவள் வாசல் பக்கம் திரும்பி, அவர் ராகத்திலேயே நீட்டி முழக்குகிறாள்: “அண்ணே! நான் உள்ள இருக்கேன்! நீங்க மேல வாங்க!”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குமாஸ்தாவிடம் சொல்கிறார்: “உத்தரவு நிறைவேறிடுச்சுன்னு எழுதிக்குங்க.”