பெரிய வட்டங்கள்

"யாரு இந்தச் சோம்பேறி?" என்றாள் மேனேஜரம்மா.

சுவர்த் திரையில் நீல வட்டங்கள் வரிசை வரிசையாக நின்றன. பெரும்பாலும் கடுகளவுதான். நடுவே மட்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக, தட்டுத் தட்டாக உப்பியிருந்தன.

சார்ட் போட்ட பெண் பேனாவை மூடித் திறந்து மூடினாள். வாடிக்கையாளர் புகார்களுக்குப் போனில் பதில் சொல்லும் அந்த ஆபீஸில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. இன்றைக்கு இந்த அம்மாள் தலையசைத்தால் பர்மனன்ட் ஆர்டர், இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சொல்றேன் மேடம். ஒரு வட்டம்னா ஒரு நாள். அன்னிக்கு சீட்டை விட்டு எந்திரிச்சுப் போன நேரம் கூடுனா வட்டமும் பெருசாகும். நாலு வாரத்துக்கு ஒரு வரிசைன்னு மடிச்சு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட்டிருக்கேன். அப்பத்தான் எது திரும்பத் திரும்ப வருதுன்னு கண்ணுல படும்."

அந்த மடிப்புதான் அவள் கண்டுபிடித்த சூட்சுமம். அதுவரை கம்ப்யூட்டர் டேஷ்போர்டில் ஓடிக்கொண்டிருந்தது கோழி கிளறியது போல ஒரு நீளக் கோடு. யாருக்கும் ஒன்றும் விளங்காது. விளங்கியது போல எல்லோரும் தலையை மட்டும் ஆட்டுவார்கள், மேனேஜரம்மா உட்பட.

"மடிச்சது சரி. ஆளு யாருன்னு கேட்டேன்."

"நான்தான் மேடம்."

அடுத்தவர் கணக்கை எடுத்துக் காட்ட மனசு வராமல், மாதிரிக்குத் தன்னுடையதையே போட்டிருந்தாள். நேர்மை என்று நினைத்துத்தான் செய்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று இப்போது தோன்றியது.

"மாசா மாசம் இந்த மூணு நாளு மட்டும் எங்க போயிடற?"

"வயித்து வலி மேடம். அந்த நாள்ல கொஞ்சம் அதிகமா இருக்கும். ரெஸ்ட் ரூம்ல போய் உக்காந்துடுவேன்."

மேனேஜரம்மா சிரித்துவிட்டாள். அந்த அம்மாள் சிரித்து ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. "இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம்? நானும் ரெண்டு பெத்தவதான். உக்காரு."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் தைரியமும் வந்துவிட்டது.

"கடைசி வரிசையப் பாருங்க மேடம், நேத்தோட முடிஞ்சது. பெரிய வட்டம் ஒண்ணுகூட இல்ல. இந்த சார்ட்டைக் கையில எடுத்ததுலேருந்து சீட்டை விட்டு நகரவே இல்ல நான்."

பொய்யில்லை. இந்த வேலை வந்ததிலிருந்து அவளுக்குக் கிழமைகூட மறந்துபோயிருந்தது. தட்டில் விழுந்தது என்ன என்று பார்க்காமல் சாப்பிட்டாள், புருஷன் பேசுவதற்கெல்லாம் "ம்" கொட்டினாள், கண்ணை மூடினாலும் வட்டம் வட்டமாகவே தெரிந்தது.

மேனேஜரம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பெரிய வட்டங்கள் மேலே ஒரு விரலை வைத்து, மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். கீழே வந்ததும் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"கெட்டிக்காரிதான் நீ. கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு வருஷம் மேடம். குழந்தை இல்ல. பர்மனன்ட் ஆயிட்டா வைத்தியச் செலவை ஆபீஸே பாத்துக்குமில்ல, பெரிய டாக்டரா ஒருத்தரைப் பாக்கலாம்னு இருக்கோம். அவருக்கும் இப்ப வேலை இல்ல."

"எல்லாம் நல்லபடியா நடக்கும்," என்று மேனேஜரம்மா அவள் தோளைத் தட்டினாள். "இங்க இருக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும் இதே மாதிரி போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவேன் மேடம்."

"குடு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

தாழ்வாரத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் புருஷனைக் கூப்பிட்டாள். "மேடம் சிரிச்சாங்க. உக்காரச் சொன்னாங்க. தோளைக்கூடத் தட்டினாங்க."

"அப்ப ஆர்டர் கைக்கு வந்த மாதிரிதான். நீ சீக்கிரம் வா, இன்னிக்கு சமையல் நான் பண்றேன்."

"நீங்க பண்ணுனா டாக்டர்கிட்ட இன்னிக்கே போகணும்," என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரிகள் சாப்பிடக் கூப்பிட்டபோது, "உங்க சார்ட்தாண்டி போட்டுக்கிட்டிருக்கேன், அழகா வருது" என்றாள். சொன்னபடி வேலையை முடித்து அனுப்பிவிட்டுத்தான் பையைத் தூக்கினாள்.

வந்து சேர்ந்த சார்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, மேனேஜரம்மா எச்.ஆர்.காரருக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பொண்ணோட ஆர்டர் ரெடியா?"

"ரெடி மேடம். உங்க கையெழுத்துதான் பாக்கி."

"கிழிச்சுப் போட்டுடுங்க. கான்ட்ராக்டையும் இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். சார்ட்டெல்லாம் வந்தாச்சு, இனிமே வேற யாராவது பாத்துக்குவாங்க."

எச்.ஆர்.காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தங்கமான பொண்ணாச்சே மேடம். அப்படி என்ன தப்பு பண்ணுனா?"

மேனேஜரம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"முழுகாம இருக்கா. பாவம், அவளுக்கே இன்னும் தெரியாது."