பென்சில் கட்சியும் பச்சை மைக் கட்சியும்

"நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்னாலும் என் பல்செட் இன்னிக்கே ரெண்டா உடையட்டும். மிச்ச காலத்துக்கு ரொட்டியைப் பால்ல நனைச்சுத் தின்னுக்கிறேன்."

இப்படிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் டமால் சார் ஆரம்பித்தார். அந்த நூலகத்தில் முப்பத்தாறு வருடம் நூலகராக இருந்து, நான்கு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். தேதி முத்திரையை அவர் குத்துகிற குத்தில் மேஜையே அதிரும். அதனால் வாசகர்கள் வைத்த பெயர்.

எதிரே புது நூலகர் கழிவுப் பட்டியலோடு நின்றாள். மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் காகித ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மதியம் லாரி வந்துவிடும். எல்லாம் மூட்டையாகிவிட்டன, ஒன்றைத் தவிர. அந்தக் கனத்த பழைய நாவல் டமால் சாரின் மடியில் இருந்தது. அதன்மேல் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன.

"நாலு வருஷமா ஒருத்தரும் தொடலை சார். நான் என்ன பண்றது?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நான் முதன்முதலா நம்பர் போட்டது இதுக்குத்தாம்மா. அப்பல்லாம் சில புத்தகம் பக்கம் வெட்டாமலே வரும். தாளெல்லாம் ஓரத்துல மடிப்போட ஒட்டிக்கிட்டிருக்கும். கத்தியால அறுத்தாத்தான் படிக்க முடியும். நானூத்தி எண்பது பக்கத்தையும் இந்தக் கையாலதான் அறுத்தேன்."

"சரி சார், ஆனா..."

"கதை தெரியுமா உனக்கு? கப்பல்ல போன புருஷன் பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்து கதவைத் தட்டுறான். அவ உள்ளேதான் இருக்கா. திறக்கலை. அதோட முடிஞ்சுது. ஒருத்தர் பக்க ஓரத்துல பென்சில்ல எழுதினார், 'இவள் நெஞ்சு கல்'னு. அடுத்து எடுத்துட்டுப் போன யாரோ அதுக்குக் கீழே பச்சை மையில, 'பன்னிரண்டு வருடம் கடிதம் போடாதவன் நெஞ்சு என்ன, பஞ்சா?'ன்னு எழுதிட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே. ஊரே ரெண்டாச்சு. முடி வெட்டுற கடையில பென்சில் கட்சிக்கு ஒரு நாற்காலி, பச்சை மைக்கு ஒரு நாற்காலி. மாறி உட்கார்ந்த ஒருத்தருக்குப் பாதி மீசைதான் மிஞ்சுச்சு. டாக்டர், 'கதவைத் திறந்திருக்கணுமா, வேண்டாமா?'ன்னு கேட்டுட்டுத்தான் ஊசியே எடுப்பார். பதிலைப் பொறுத்து வலிக்கும்."

"சார்!"

"பல்செட் மேல ஆணை. பதினோரு வருஷம் நடந்துச்சு இந்தச் சண்டை. எழுதின ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒருநாள் நல்ல மழை. காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டு ஒருத்தர் இதைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவருக்குப் பின்னாடி ஒரு நர்ஸம்மா, கையில பச்சைப் பேனா. அவர் பேனாவைப் பார்த்தார், அந்தம்மா பென்சிலைப் பார்த்தாங்க. நான் தூக்கின முத்திரை தூக்கினபடியே நின்னுச்சு. அடுத்த மாசம் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நான்தான்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"எங்க வீட்லயும் இப்படித்தான் சார். அப்பாவும் அம்மாவும் ஒரே புத்தகத்தைப் படிச்சிட்டு மாறி மாறி மல்லுக்கு நிப்பாங்க. அப்பா போன பிறகு அம்மா ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கலை."

டமால் சார் புத்தகத்தின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார்.

"பென்சில்லயும் பச்சை மையிலயும் எழுதினதெல்லாம் இன்னும் இருக்கா சார்?" அவள் கையை நீட்டினாள்.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்கே இருக்கும்? கல்யாணமாகி மூணாம் மாசம் மனுஷன் வீட்டுக்கு நேரங்கழிச்சுப் போனார். அந்தம்மா கதவைத் திறக்கலை. மறுநாள் காலையில நான் வர்றதுக்கு முன்னாடியே ரப்பரோட வாசல்ல நிக்கறார்! உட்கார்ந்து, எழுதினதை ஒண்ணு விடாம அழிச்சிட்டுத்தான் போனார்."

"பச்சை மை?"

"மலிவு மை. ஜன்னலோர ரேக். வெயில் தின்னுடுச்சு. இப்பத் திறந்தா ஓரமெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும்."

"நீங்க எந்தக் கட்சி சார்?"

"நூலகர் கட்சி சேரக் கூடாதும்மா. முத்திரை குத்துறதோட சரி. நீயே பாரு."

முன்னட்டையை மட்டும் திறந்து தேதிச் சீட்டைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீட்டுகள். மூச்சுவிட இடமில்லாமல் ஊதா முத்திரைகள். அவர் ஓய்வு பெற்ற மாதத்தோடு நின்றிருந்தன.

"நீங்க போனதும் எடுத்துச் சொல்ல ஆளில்லாம போச்சு," என்றாள் அவள்.

வாசலில் லாரி ஹாரன் கேட்டது. அவள் பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்தாள். தன் உறுப்பினர் அட்டையிலேயே புத்தகத்தைப் பதிந்துகொண்டு முத்திரையைக் குத்தினாள். டமால்!

"இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்தணும்," என்று சொல்லிவிட்டு டமால் சார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மாலையில் அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி மீசையிலிருந்து ரப்பர்வரை எல்லாவற்றையும் சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்கப்பா இருந்திருந்தா பென்சில் கட்சிதான். கடைசி அத்தியாயத்தை எடுடி. அவ செஞ்சது சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

முதல் பக்கத்தின் ஓரம், டமால் சார் சொன்னபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் கடைசி அத்தியாயத்தைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நடுவில் முயன்றாள். அங்கும் வரவில்லை.

அம்மா பழம் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நானூற்று எண்பது பக்கங்களில் ஒரு மடிப்புகூட அதுவரை அறுபட்டிருக்கவில்லை.